பல்லும் காதும்: ஒரு பழைய சந்தேகத்தின் வரலாறு

கடைவாய்ப் பல் குத்தத் தொடங்கினால் காதும் சேர்ந்து வலிக்கும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். காதுவலி என்று டொக்டரிடம் போனாலும், அவர் காதைப் பார்த்து முடித்துவிட்டு "வாயத் திறங்க பாப்பம்" என்பார். தாடைக்கும் பல்லுக்கும் காதின் ஒரு பகுதிக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன. அதனால் பல்லில் கிளம்பும் வலி காதில் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் வாய் கெட்டுப்போனால் காது கேட்காமலும் போகுமா? கொஞ்ச காலமாக இந்தக் கேள்வி நம் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. "ஒழுங்காகப் பல் துலக்காதவர்களுக்குக் காது மந்தமாகும்" என்று ஒருவர் அனுப்புகிறார். "சும்மா கதை" என்று இன்னொருவர் பதில் போடுகிறார். நாங்கள் இரண்டு பக்கத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு, இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தோம். நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நீளும் கதை அது. நடுவில் ஒரு பெரிய பைத்தியக்காரத்தனமும் நடந்திருக்கிறது. கடைசியில் அது வந்து நிற்கும் இடமோ நமக்கு மிகவும் பழக்கமானது: வெற்றிலைத் தட்டும், தேயிலை மலையும்.

ஒரே ஆள் எழுதிய இரண்டு விஷயம்

16ஆம் நூற்றாண்டில் ரோமில் பார்த்தொலோமியோ யுஸ்தாக்கி என்றொரு உடற்கூற்று அறிஞர் இருந்தார். 1563இல் அவர் பற்களைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். பற்களின் அமைப்புக்காகவே எழுதப்பட்ட முதல் நூல் என்று அதைச் சொல்வார்கள். அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய தொகுப்பில் காது பற்றிய கட்டுரையும் இருந்தது. மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேற்பகுதியிலிருந்து நடுக்காதுக்குப் போகும் ஒரு மெல்லிய குழாயை அதில் விவரித்திருந்தார். 1704இல் வல்சால்வா என்ற இன்னொரு இத்தாலியர் அந்தக் குழாய்க்கு யுஸ்தாக்கியின் பெயரையே வைத்தார். இன்றைக்கும் அது யுஸ்தேக்கியன் குழாய்தான்.

இந்தக் குழாயின் வேலை நமக்கு நன்றாகத் தெரியும், பெயர்தான் தெரியாது. கெலிஓயாவைத் தாண்டிப் போகும் நுவரெலியா பஸ்ஸில் ஏறிப் பாருங்க. கம்பளை, புசல்லாவை கடந்து ரம்பொடைப் பக்கம் ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும். எச்சிலை விழுங்கினால் 'டக்' என்று திறக்கும். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, நடுக்காதுக்குள் இருக்கும் காற்றோ பழைய அழுத்தத்திலேயே நிற்கிறது. விழுங்கும்போது மேலண்ணத்தின் தசைகள் இழுத்து அந்தக் குழாயைத் திறக்கின்றன. இரண்டு பக்கமும் சமமாகிறது, செவிப்பறை சுதந்திரமாக அதிரத் தொடங்குகிறது.

இதில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வோம். காதின் கதவைத் திறக்கும் தசைகள் வாயின் கூரையில் இருக்கின்றன. கட்டுரையின் பிற்பகுதிக்கு இது தேவைப்படும்.

காது கேளாமையும் ஒரே வகையல்ல. செவிப்பறை, நடுக்காது போன்ற வழியில் தடை ஏற்பட்டு ஒலி உள்ளே போகாமல் இருப்பது ஒரு வகை. உட்காதும் நரம்பும் பழுதாகி, வந்த ஒலியை மூளைக்கு அனுப்ப முடியாமல் போவது இன்னொரு வகை. முதலாவது வகைக்காரர்கள் பல்லாலேயே கேட்கலாம் என்பது பழைய கண்டுபிடிப்பு. 1879இல் சிக்காகோவைச் சேர்ந்த ரிச்சர்ட் ரோட்ஸ் என்பவர் விசிறி மாதிரி ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் நுனியை மேற்பல்லில் வைத்தால் ஒலியின் அதிர்வு பல் வழியாகவும் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உட்காதுக்குப் போய்விடும். பல் காதுக்கு உதவி செய்த காலம் அது. அதற்குப் பிறகு பல்லே குற்றவாளியானது.

பல்லைப் பிடுங்கிய தலைமுறை

பெர்லினில் வேலை செய்த அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லபி மில்லர் 1890இல் வாயில் வாழும் நுண்ணுயிர்கள் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். கிருமிகள்தான் நோய்க்குக் காரணம் என்ற கருத்து அப்போதுதான் நிலைபெற்றுக்கொண்டிருந்தது. வாய் என்பது கிருமிகளின் கூடு, அங்கிருந்து அவை உடம்பின் மற்ற பகுதிகளுக்கும் போகலாம் என்று மில்லர் சொன்னார். நியாயமான கருத்து. அதைக் கையில் எடுத்தவர்களிடம்தான் நிதானம் இருக்கவில்லை.

லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்ரர் 1900இல் வாய்ச் சீழ்தான் பல நோய்களுக்கு வேர் என்று எழுதினார். 1910இல் மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் பேசியபோது, தங்க மூடிகளுக்கும் பாலங்களுக்கும் அடியில் சீழை மறைத்துவைக்கும் பல் வைத்தியத்தைக் கடுமையாகத் தாக்கினார். சிக்காகோவில் ஃபிராங்க் பில்லிங்ஸ் இதையே ஒரு கோட்பாடாக வளர்த்தார். உடம்பில் எங்கோ ஓர் இடத்தில் கிருமி ஒளிந்திருக்கிறது, அந்த இடத்தை அகற்றினால் தூரத்தில் இருக்கும் நோயும் போய்விடும் என்பது அதன் சுருக்கம்.

அதற்குப் பிறகு ஒரு தலைமுறைக் காலம் மூட்டு வலி, வயிற்று வலி, களைப்பு என்று எதற்கெடுத்தாலும் பல்லைப் பிடுங்கினார்கள். காரணம் பிடிபடாத எந்த நோயும் பல்லின் தலையில் விழுந்தது. சொத்தை இல்லாத நல்ல பற்களும் "எதற்கும் பாதுகாப்புக்கு" என்று போயின. இதன் உச்சம் நியூ ஜேர்சியில் நடந்தது. ட்ரென்ரன் மனநல மருத்துவமனையின் பொறுப்பாளராக இருந்த ஹென்றி கொட்டன், மனநோய்க்கும் காரணம் கிருமிதான் என்று நம்பி நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். குணமாகாதவர்களுக்கு தொண்டைச் சதையையும், பிறகு குடலின் பகுதிகளையும் அகற்றினார். பலர் இறந்துபோனார்கள். அவர்களில் பெரும்பாலானோர் "வேண்டாம்" என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தவர்கள்.

1934இல் காதும் நேரடியாக உள்ளே வந்தது. சென் லூயிஸ் நகரின் காது, தொண்டை வைத்தியர் ஜேம்ஸ் கொஸ்ரன் 11 நோயாளிகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். கடைவாய்ப் பற்கள் விழுந்துவிட்டால் தாடை பின்னுக்குத் தள்ளப்படுகிறது, அது காதுக் குழாயையும் நரம்புகளையும் அழுத்துகிறது, அதனால் காது மந்தமும் இரைச்சலும் வருகிறது என்பது அவர் வாதம். பல் மருத்துவர்கள் உற்சாகமாகப் பல்கட்டை உயர்த்திக்கொடுக்கத் தொடங்கினார்கள். 1948இல் ஹரி சிக்கர் என்ற உடற்கூற்று அறிஞர், எலும்புகள் அமைந்திருக்கும் விதத்தில் தாடை அப்படி அழுத்தவே இடமில்லை என்று விளக்கினார். தாடை மூட்டுக் கோளாறால் காதுக்குள் வலியும் இரைச்சலும் வருவது உண்மை. கொஸ்ரன் சொன்ன காரணம் நிற்கவில்லை.

பல் பிடுங்கும் அலையும் ஓய்ந்தது. 1938இல் ரசல் செசில் தன் சகாவோடு சேர்ந்து 200 மூட்டுவாத நோயாளிகளின் விவரங்களை வைத்து, பல்லையும் தொண்டைச் சதையையும் அகற்றியதால் பயன் எதுவும் தெரியவில்லை என்று எழுதினார். செசிலே முன்பு இந்தக் கோட்பாட்டை ஆதரித்தவர் என்பதால் அந்தச் சொல்லுக்கு எடை இருந்தது. பிறகு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் வந்தன.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

அரை நூற்றாண்டு கழித்துச் சந்தேகம் வேறு உடையில் திரும்பி வந்தது, இந்த முறை எண்களோடு. அமெரிக்காவின் பாஸ்டனில் முன்னாள் படைவீரர்களுக்கான சுகாதார அமைப்பு பல ஆண்டுகளாக நடத்திய ஆய்வில் பங்குபற்றிய ஆண்களின் பற்களையும் கேட்கும் திறனையும் ஒப்பிட்டு, 2001இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. பற்களை அதிகம் இழந்தவர்களிடம் வயதோடு வரும் காது மந்தமும் அதிகம் காணப்பட்டது. 2013இல் தாய்வான் ஆய்வாளர்கள் திடீரெனக் காது கேளாமல் போனவர்களின் பதிவுகளைப் பார்த்தபோது, அவர்களிடையே நாட்பட்ட ஈறு நோய் கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள்.

இவை நல்ல ஆய்வுகள். ஆனால் அவை காட்டுவது இரண்டும் சேர்ந்து வருகின்றன என்பதைத்தான். ஒன்றுதான் மற்றதை உண்டாக்குகிறது என்று காட்டவில்லை. வயது ஏறினால் பல்லும் விழும், காதும் மங்கும். சிகரெட் ஈறையும் கெடுக்கும், உட்காதின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் கெடுக்கும். சீனி வருத்தமும் அப்படித்தான். வறுமை எல்லாவற்றையும் கெடுக்கும். ஈறில் நீடிக்கும் அழற்சி இரத்தக் குழாய்களைப் பாதித்து உட்காதையும் தொடலாம் என்பது ஆராயத்தக்க கருத்து. பல் துலக்காவிட்டால் செவிடாவாய் என்று பிள்ளைகளைப் பயமுறுத்த அது போதாது.

அப்படியானால் வாய்க்கும் காதுக்கும் உறுதியான தொடர்பு எதுவும் இல்லையா? இருக்கிறது. வழிமுறையும் தெளிவாகத் தெரிந்த ஒரு தொடர்பு. அது பாஸ்டனில் அல்ல, பாக்கு மெல்லும் நாடுகளில் இருக்கிறது.

பாக்கு

1660இல் மூதூர்ப் பக்கம் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டு சிறையிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸை நம்மில் பலர் பாடப் புத்தகத்தில் சந்தித்திருப்போம். அவர் கடைசியாக வீடு கட்டி வாழ்ந்த எலதெத்த, கெலிஓயாவிலிருந்து தூரமில்லை. 1681இல் லண்டனில் வெளிவந்த அவருடைய நூலில் இந்த மலைகளின் பாக்கு மரங்களைப் பற்றியும், மக்கள் ஓயாமல் வெற்றிலை மெல்வதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கண்டி இராச்சியத்தின் முக்கிய ஏற்றுமதிகளில் ஒன்று பாக்கு. அதைத் தென்னிந்தியாவுக்கு விற்கும் உரிமையை ஒல்லாந்தர் தங்கள் ஏகபோகமாக வைத்திருந்தார்கள். மலையிலிருந்து பாக்கைப் பொதிமாடுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோய், உப்பும் கருவாடும் துணியும் திருப்பிக் கொண்டுவந்த தவளம் வணிகத்தில் கண்டி முஸ்லிம்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. நம் ஊர்களின் வரலாற்றில் பாக்கு சின்னச் சாமான் இல்லை.

அந்தப் பாக்குக்கு வாய்க்குள் இன்னொரு வரலாறு இருக்கிறது. 1952இல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர், கென்யாவில் வாழ்ந்த 5 இந்தியப் பெண்களின் வாய் உட்புறம் விறைத்து, வெளுத்து, திறக்க முடியாமல் போயிருந்ததைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டே இந்தியாவில் ஜோஷி இதே நோயை விவரித்துப் பெயரும் வைத்தார். அந்தக் கட்டுரை வெளிவந்தது பல் மருத்துவ இதழில் அல்ல, காது மருத்துவ இதழில். மேலண்ணமும் தொண்டையின் தூண்களும் இறுகுவதைத்தான் அவர் எழுதினார். பிறகு டென்மார்க்கின் ஜென்ஸ் பின்ட்போர்க் இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய்ப் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். பாக்குத்தான் காரணம் என்பது படிப்படியாக உறுதியானது.

நடப்பது இதுதான். பாக்கில் உள்ள அரெக்கொலின் போன்ற பொருட்கள் வாய்த்தோலுக்கு அடியில் நார்த்தசையை அளவுக்கு மிஞ்சி உண்டாக்கத் தூண்டுகின்றன. பாக்கில் உள்ள துவர்ப்பும் செம்பும் அந்த நார் கரையாதபடி இறுக்குகின்றன. முதலில் காரம் பட்டால் வாய் எரியும். கன்னத்தின் உட்புறம் பட்டைபட்டையாக இறுகும். வாய் சிறுகச் சிறுகச் சுருங்கும். இந்த இறுக்கம் மேலண்ணத்துக்குப் போகும்போது, ரம்பொடை ஏறும் பஸ்ஸில் நமக்காக அந்தக் குழாயைத் திறந்துவிட்ட அதே தசைகள் மாட்டிக்கொள்கின்றன. விழுங்கினாலும் குழாய் சரியாகத் திறக்காது. நடுக்காதில் அழுத்தம் குறைந்து, காது அடைத்தபடியே இருக்கும். இப்படி வாய் இறுகியவர்களின் கேட்கும் திறனை அளந்து பார்த்த இந்திய ஆய்வுகள், ஒரு பகுதியினருக்கு ஒலி உள்ளே போவதில் தடை இருப்பதைக் காட்டியிருக்கின்றன. எல்லாருக்கும் வருவதில்லை. வந்தாலும் பெரும்பாலும் இலேசானதுதான். ஆனால் இங்கே காரணமும் வழியும் விளைவும் ஒரே சங்கிலியாகத் தெரிகின்றன. யுஸ்தாக்கி தனித்தனியாக எழுதிய இரண்டையும் நம் வெற்றிலைத் தட்டு முடிச்சுப் போட்டுவிட்டது.

காது மந்தம் இந்த நோயின் சின்னப் பகுதி. பெரிய பகுதி புற்றுநோய். கேரளாவின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இப்படி வாய் இறுகிய 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது 5 பேருக்கு வாய்ப் புற்றுநோய் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலையைப் புற்றுநோய்க் காரணி என்றது. 2004இல் வெளியான அறிக்கையில் புகையிலை இல்லாத வெற்றிலைக் கூட்டையும், வெறும் பாக்கையும்கூட அதே பட்டியலில் சேர்த்தது. "நான் போயில போடுறதில்லையே, சும்மா பாக்குத்தானே" என்ற பதில் அத்தோடு செல்லாமல் போனது.

480 பேரின் வாய்

இப்போது தேயிலை மலைக்குப் போவோம். இன்றைக்கு உலகில் எந்த மூலையில் ஈறு நோய் பற்றிப் படிக்கும் மாணவரும் இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்களைப் பற்றிப் படிக்காமல் தாண்ட முடியாது. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நோர்வேக்காரரான ஹரால்ட் லோ 1965இல் ஒரு பிரபலமான சோதனை செய்தார். 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். சுமார் மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கியதும் சரியானது. பல்லில் படியும் அழுக்குத்தான் ஈறு நோய்க்குக் காரணம் என்று இதிலிருந்து உறுதியானது. அடுத்த கேள்வி: சிகிச்சையே கிடைக்காமல் வாழ்நாள் முழுதும் விட்டால் என்ன ஆகும்? நோர்வேயில் அதைப் பார்க்க முடியாது, அங்கே எல்லாருக்கும் பல் வைத்தியம் இருந்தது. ஒஸ்லோவில் 565 மாணவர்களையும் கல்வியாளர்களையும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டு, 1970இல் அவர் குழு நம் மலைநாட்டின் இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தது. 480 ஆண் தொழிலாளர்கள். பல் துலக்கும் பழக்கமும் பல் வைத்தியமும் அவர்களை எட்டியிருக்கவில்லை. அந்த இல்லாமைதான் ஆய்வின் அடிப்படை.

1985 வரை பலமுறை வந்து அவர்களின் வாயை அளந்தார்கள். 1986இல் வெளிவந்த முடிவு உலகப் புகழ் பெற்றது. 8 சதவீதத்தினருக்கு நோய் மிக வேகமாக முற்றியது. 81 சதவீதத்தினருக்கு மிதமாக. 11 சதவீதத்தினருக்கு முற்றவே இல்லை. வேகமாக முற்றியவர்களுக்கு 20 வயதிலேயே பல் விழத் தொடங்கியது, 40 வயதில் 20 பற்கள் இல்லை, 45 வயதில் ஒரு பல்லும் இல்லை. ஒரே வேலை, ஒரே அழுக்கு, ஆனால் வேறு வேறு முடிவு. ஈறு நோய் ஆளுக்கு ஆள் மாறும் என்பதை உலகம் கற்றுக்கொண்டது இந்த வாய்களிலிருந்துதான்.

கடைசிப் பரிசோதனையில் மிஞ்சியிருந்தது 161 பேர். 2010இல் மீண்டும் தேடிப்போனபோது 75 பேரைப் பார்க்க முடிந்தது. இந்த எண்களை அந்தக் காலத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்கள். 1964 ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டுக்கொண்டிருந்தவர்கள். 1970களின் நடுவில் தோட்டங்களில் பஞ்சத்தைக் கண்டவர்கள். 1983ஐயும் கண்டவர்கள். விஞ்ஞானக் கட்டுரையில் அவர்கள் 'சிகிச்சை பெறாத மக்கள் தொகை'. ஏன் சிகிச்சை பெறவில்லை என்ற கேள்வி அளவுகோலில் இல்லை.

வில்லியம் ஹன்ரர் காலத்து நோயாளிகளையும் இவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். அங்கே வைத்தியம் கிடைத்தவர்களுக்குத் தேவையில்லாமல் பல்லைப் பிடுங்கினார்கள். இங்கே பல் தானாக விழும்வரை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்திலேயே இருக்கும் பதில்

இந்தக் கதையில் நம் பக்கத்து நல்ல அத்தியாயமும் உண்டு. பேராதனைப் பல் மருத்துவ பீடம் கெலிஓயாவிலிருந்து ஒரு குட்டிப் பஸ் பயணம். அங்கிருந்தவர்கள் பாக்கு வாயைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். சமன் வர்ணகுலசூரியவும் சகாக்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. கிராமத்து ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்தால், வீடு வீடாகப் போகும்போதே வாய்ப் புற்றுநோயின் முன் அறிகுறிகளை அவர்களால் கண்டுபிடிக்க முடியும் என்று அது காட்டியது. பெரிய இயந்திரம் வேண்டாம், வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும். 2007இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் மத்திய மலைநாட்டின் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டத் தொழிலாளர்களின் வாய்கள் பரிசோதிக்கப்பட்டன. லோ பல்லை அளந்த அதே மக்களிடம், இந்த முறை பாக்கையும் புற்றுநோயையும் பற்றிக் கேட்டார்கள்.

2016இல் புகையிலை கலந்த மெல்லும் பொருட்களின் விற்பனையை அரசாங்கம் தடை செய்தது. ஆனாலும் கடை வாசல்களில் இனிப்பும் நிறமும் சேர்த்த பாக்குப் பைக்கற்றுகள் தொங்குவது நிற்கவில்லை. வெற்றிலை போடுவதைக் கேவலமாக நினைக்கும் இளைஞர்களும், பைக்கற்றில் வந்தால் அதே பாக்கைத்தான் மெல்கிறார்கள். வெற்றிலையாவது பெரியவர்கள் ஒரு வயதுக்குப் பிறகு தொடங்கியது. பைக்கற்று பள்ளிக்கூட வயதிலேயே தொடங்குகிறது.

இனி எங்கள் முடிவைச் சொல்கிறோம். பல் கெட்டால் காது போகும் என்று பொதுவாகச் சொல்ல இன்னும் ஆதாரம் போதாது. அப்படிச் சொல்லி ஒரு தலைமுறை நல்ல பல்லை இழந்திருக்கிறது. பாக்கு வாயை இறுக்கும், அந்த இறுக்கம் காதுவரை போகலாம் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அதை நாம் "வயசாயிட்டா அப்பிடித்தான்" என்று தள்ளிவிடுகிறோம். வீட்டில் வெற்றிலை போடும் உம்மம்மாவோ அப்பாயியோ "கொஞ்சம் சத்தமா பேசு மகன்" என்றால், காதோடு சேர்த்து வாயையும் ஒருமுறை காட்டச் சொல்லுங்க. நடுவிரல் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கிடையில் போகிறதா? கறி காரமில்லாமலே வாய் எரிகிறதா? கன்னத்துக்குள் வெள்ளையாக இறுகியிருக்கிறதா? ஒன்றுக்காவது சந்தேகம் வந்தால் பல் வைத்தியரிடம் கூட்டிப்போங்க. இறுகியது முழுதாக இளகாது. பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவதைத் தடுக்கலாம், புற்றுநோயாக மாறினால் நேரத்தோடு பிடிக்கலாம்.

தோட்டத்து லயத்தில் இருப்பவருக்கு இந்த அறிவுரை இன்னும் பாதிதான். வாயைப் பார்க்கச் சொல்ல ஆள் இருந்தாலும், கூட்டிப்போக ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும். உலகத்துக்கு ஈறு நோயைக் கற்றுக்கொடுத்த மலையில், ஒரு பல் வைத்தியரிடம் போவதற்கு இன்னும் சம்பளக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1984இலேயே வழி காட்டியாகிவிட்டது: வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் வாயைத் திறக்கச் சொன்னால் போதும். கூடவே "காது கேக்குதா?" என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம்.